பட்டினியைக் கணக்கெடுப்பது யார்?

(தருமபுரி மாவட்டத்தில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



யுத்தம் நடக்கும் இடத்தில் ஜனங்கள் பட்டினியால் சாகிறார்கள் என்று ஒரு பத்திரிகை எழுதுகிறது. அங்கே பட்டினி என்பதே இல்லை, வேண்டிய மட்டும் உணவு அனுப்பியாய்விட்டது என்று மற்றொரு பத்திரிகை எழுதுகிறது. இரண்டில் எதை நம்புவது என்று தோழர்கள் பலர் கேட்கிறார்கள். இரண்டையும் நம்ப வேண்டாம், விசாரித்துப் பாருங்கள் என்பதே பகுத்தறிவுக்காரன் சொல்லக்கூடிய பதிலாகும். எப்படி விசாரிப்பது என்பதைப்பற்றித்தான் இன்று சில வார்த்தைகள் சொல்லப் போகிறேன்.

உங்கள் பாட்டன்மார் காலத்திலிருந்து இந்தப் பக்கத்தில் தாது வருஷத்துப் பஞ்சம் என்று ஒரு பேச்சு இருந்து வருகிறது. அது 1876 முதல் 1878 வரை நடந்தது. அன்று தருமபுரி சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. சென்னை மாகாணத்தில் மிகவும் அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. மாரியம்மன் கோபத்தால் மழை இல்லை என்றும், செத்தது அவரவர் தலைவிதி என்றும் ஜனங்களுக்குச் சொல்லிவைத்தார்கள். அம்மன் கோபத்தால் மழை நின்றது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், பஞ்ச வேலைக்கு வந்தவனுடைய கூலியைக் குறைத்தது எந்த அம்மன் என்று கேட்கிறேன். வைசிராய் லிட்டன் சர்க்கார் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவர், நாளெல்லாம் மண் சுமக்கும் ஆளுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று 1877 ஜனவரியில் தீர்மானித்தார். போதாது, இது ஆளைக் கொல்லும் என்று மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் எழுதினார். இருவரும் வெள்ளைக்காரர்கள், இருவரும் ஒரே சர்க்கார் சம்பளம் வாங்கியவர்கள். ஆனால் டெம்பிளுக்குச் செலவு குறைய வேண்டியிருந்தது. டாக்டரோ வேலைக்காரர்களின் உடம்பைப் பார்த்தார், சாவுக் கணக்கைப் பார்த்தார். சில மாதங்களுக்குள் கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று.

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். நம் காலத்தில், நமக்குக் கடலுக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில், இலங்கையிலே வன்னியில் நடந்ததைப் பாருங்கள். 2008 செப்டம்பரில் இலங்கை சர்க்கார் ஐ.நா. ஊழியர்களையும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களையும் அங்கிருந்து வெளியேறச் சொல்லிற்று. போகாதீர்கள் என்று ஜனங்கள் கிளிநொச்சியில் கெஞ்சியும் அவர்கள் போய்விட்டார்கள். சுயேச்சையான பத்திரிகைக்காரர்களுக்கு அனுமதி இல்லை. செஞ்சிலுவைச் சங்கத்தார் சிறிது காலம் உள்ளே வேலை செய்ய முடிந்தது. பார்க்கக்கூடிய கண்களை முதலில் வெளியேற்றிவிட்டுப் பிறகுதான் கணக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

2009-ஆம் வருஷத் தொடக்கத்தில், சிக்கியிருக்கும் ஜனங்கள் சுமார் 70,000 பேர் என்று சர்க்கார் சொல்லிற்று. அதே சர்க்காரின் சம்பளம் வாங்கிக்கொண்டு முல்லைத்தீவில் வேலை பார்த்த அதிகாரி, 3,30,000 பேர் இருக்கிறார்கள் என்று எழுதினார். அவருடைய கணக்கு ஆதாரமற்றது என்றும், ஒழுங்கு நடவடிக்கை எடுக்க நேரிடும் என்றும் அவருக்குக் கடிதம் போயிற்று. இதை ஐ.நா. நியமித்த நிபுணர் குழு 2011-இல் வெளியான அறிக்கையில் சொல்லுகிறது.

தோழர்களே! இது வெறும் எண்ணைப்பற்றிய சண்டை அல்ல. அந்த எண்தான் அரிசி, அந்த எண்தான் மருந்து. 70,000 பேருக்கென்று அளந்த உணவை 3,30,000 பேர் பங்கிட்டுக்கொண்டால், ஒருவன் சாப்பாட்டில் ஏறக்குறைய ஐந்து பேர் உயிர் வாழ வேண்டும். போதிய உணவு அனுப்பினோம் என்று சொல்பவன் பொய் சொன்னதாகக்கூட ஆகாது. அவன் எண்ணின தலைகளுக்கு அது போதியதுதான்! எண்ணாமல் விட்ட தலைகளுக்குத்தான் வயிறு காய்ந்தது. அரிசியும் உப்பும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சிக்கு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ஏப்ரல் 8-ஆம் தேதி அம்பலவன் பொக்கணையில் பால்மாவுக்காக வரிசையில் நின்ற தாய்மார்கள்மீதும் குழந்தைகள்மீதும் குண்டு விழுந்ததை அந்த அறிக்கை பதிவு செய்திருக்கிறது. இன்றைக்கும் மே மாதம் வந்தால் ஈழத் தமிழர்கள் முள்ளிவாய்க்கால் கஞ்சி என்று காய்ச்சிக் கொடுப்பது எந்தச் சாமிக்கும் படைக்கிற நைவேத்தியமல்ல. எண்ணப்படாமற் போனவர்களின் ஞாபகமாகும்.

சரி, எந்தக் கணக்கு உண்மை? தமிழன் சொன்னதை நம்ப வேண்டாம், சிங்களவன் சொன்னதையும் நம்ப வேண்டாம். யுத்தம் முடிந்தபின் சர்க்காரின் முகாம்களில் இருந்தவர்கள் சுமார் 2,90,000 பேர். அந்த முகாமுக்குக் காவலும் பதிவும் அதே சர்க்கார்தான். எழுபதாயிரம் பேர் இருந்த இடத்திலிருந்து அத்தனை பேர் எப்படி நடந்து வந்தார்கள்? அவரவர் கையாலேயே எழுதப்பட்ட ருஜு இதைவிட வேறென்ன வேண்டும்?

உள்ளே இருந்து வைத்தியம் பார்த்த டாக்டர்கள், மருந்தில்லை, ஆட்கள் சாகிறார்கள் என்று சொல்லி வந்தார்கள். அவர்களைப் பிடித்து வைத்து, 2009 ஜூலையில் பத்திரிகைக்காரர்கள் முன் நிறுத்தினார்கள். முன்பு சொன்னது மிகை என்று அவர்கள் சொன்னார்கள். காவலில் இருப்பவன் வாயிலிருந்து வருகிற வார்த்தைக்கு என்ன மதிப்பு என்பதைச் சின்னப் பையனும் சொல்லிவிடுவான். பின்னால் வெளிநாடு போன டாக்டர் ஒருவர், நிர்ப்பந்தத்தால் அப்படிச் சொன்னோம் என்று சொல்லிவிட்டார்.

இவ்வளவையும் கேட்டுக் கை தட்டுகிறீர்கள். இனிமேல் சொல்வதற்கும் கை தட்டுவீர்களா என்று பார்க்கிறேன். அதே அறிக்கை, விடுதலைப் புலிகள் ஜனங்களை வெளியேற விடாமல் தடுத்ததையும், தப்பிப் போனவர்களைச் சுட்டதையும், பிள்ளைகளைப் பலவந்தமாகப் படைக்குப் பிடித்ததையும் சொல்லுகிறது. முதற் பாதியை மட்டும் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடுகிறவன் பகுத்தறிவுக்காரனல்ல, அவன் பக்தன். சாஸ்திரம் சொல்லிற்று என்று நம்புவதும், சர்க்கார் சொல்லிற்று என்று நம்புவதும், நம்மவன் சொன்னான் என்று நம்புவதும் ஒரே நோய்தான். ஐ.நா. சபையும் இதற்கு விலக்கல்ல. சாவுக் கணக்கு கையில் இருந்தும் அதை உரிய காலத்தில் வெளியிடவில்லை என்று அந்தச் சபையே நியமித்த மற்றொரு குழு 2012-இல் குற்றஞ்சாட்டியது.

2025 ஆகஸ்டில் காஸாவிலும் இதே வழக்குத்தான். பஞ்சம் வந்துவிட்டது என்று உணவு நிலையை அளக்கும் சர்வதேச அமைப்பு சொல்லிற்று. பொய் என்று இஸ்ரேல் சர்க்கார் மறுத்தது. ஆனால் வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் சுயேச்சையாக உள்ளே போய்ப் பார்க்க அந்தச் சர்க்கார் அனுமதிக்கவில்லை.

ஆகவே, இப்படிப்பட்ட செய்தி வரும்போது நீங்கள் கேட்க வேண்டியது நான்கு கேள்விகள். எண்ணினவன் யார்? அவன் நேரில் பார்த்தானா? எண் குறைந்தால் அல்லது கூடினால் யாருக்கு லாபம்? கதவைச் சாத்தியவன் யார்? கடைசிக் கேள்விதான் முக்கியமானது. வீட்டில் களவு இல்லை என்று சொல்பவன், கதவைத் திறந்து காட்டுவதற்கு ஏன் பயப்பட வேண்டும்? பட்டினி இல்லையென்றால் பத்திரிகைக்காரனையும் டாக்டரையும் உள்ளே விடுவதால் யாருக்கு என்ன நஷ்டம்? கதவைச் சாத்தியவன்மேல்தான் ருஜுப்படுத்தும் பொறுப்பு இருக்கிறது. திறக்கும் வரையில், பசிக்கிறது என்கிறவனுக்குச் சோறு போட்டுவிட்டுப் பிறகு தர்க்கம் செய்யலாம். ஏனெனில் தப்பாக ஒரு மூட்டை அதிகம் போனால் நஷ்டம் ஒரு மூட்டை. தப்பாக ஒரு மூட்டை குறைந்தால் போகிற உயிர் திரும்பாது.

நான் சொன்னதற்காக இதை ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் வைத்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.