கலைவாணரும் கிந்தனாரும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஒரு நகைச்சுவை நடிகரைப் பற்றிப் பேசுவதா என்று எவரும் எண்ண வேண்டாம். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நம் வீட்டுக் கதையைப் பாடியவர்.

1908இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த அவருக்குப் பள்ளிப் படிப்பு இளமையிலேயே நின்றுபோயிற்று. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். பின்னர் நடிகராக மேடை ஏறினார். துணைவியார் டி. ஏ. மதுரத்துடன் எத்தனையோ படங்களில் ஆடிப் பாடிச் சிரிக்க வைத்தார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இல் கைதாகி, 1947இல் குற்றமற்றவர் என விடுதலையானார். 1957இல் மறைந்தபோது அவருக்கு வயது 48தான்.

1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் உடுமலை நாராயண கவி எழுதிய 'கிந்தனார்' கதாகாலட்சேபத்தைக் கலைவாணர் நிகழ்த்தினார். பாகவதர்களின் நந்தனார் சரித்திரத்தை நையாண்டி செய்யும் பாட்டு அது. நந்தன் தில்லைக்குப் போக ஏங்கினான். நெருப்பில் இறங்கி எழுந்த பின்னரே சந்நிதி அவனை ஏற்றது. கிந்தனோ படிப்பதற்காகப் பட்டணத்துக்கு ரயில் ஏறுகிறான். தீக்குளிக்காமலே கல்வி அதிகாரியாக ஊர் திரும்புகிறான். தன்னைத் தள்ளி வைத்த பள்ளியையே சோதிக்க வருகிறான்! ரயில் பலகையில் சாதி பார்த்து இடம் போட முடியுமா? அந்த வேடிக்கைப் பாட்டுக்குள் இத்தனை பெரிய கேள்வி இருந்தது.

கிந்தன் என்ற பெயர் நம் பெரியவர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. "படித்து அதிகாரியான பிள்ளைக்கு நல்ல பெயர் வைக்கக் கூடாதா?" என்று கேட்டார்கள். நியாயமான கோபம்தான். ஆனாலும் கோயில் கொடையில் ஒலிபெருக்கி அதைப் பாடினால் அவர்களும் எழுந்து போகமாட்டார்கள்.

இந்த எம். புதுப்பட்டி வட்டாரத்தில் நம் பிள்ளைகளுக்கு வந்த வண்டி வேறு. விடியுமுன் ஊர் ஊராக வந்து, தூக்கக் கலக்கத்தில் இருந்த சிறுவர் சிறுமியரைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அள்ளிச் சென்றது அந்தப் பேருந்து. கட்டை அடுக்கிய விரல்கள் சிலேட்டைத் தொடவில்லை. கிந்தனின் ரயிலைக் கேட்டுச் சிரித்த தாய்மார்களே தம் பிள்ளைகளை எழுப்பி அதில் ஏற்றி அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. அன்றாட அரிசி அந்தக் கூலியில் வந்தது.

நம் சங்கத்தார் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைக் கேட்டது அந்த விடியற்காலங்களில்தான். "இவள் கூலியை யார் தருவார்?" என்று கேட்ட ஒரு தாய், மறுவாரம் மகளைத் தாமே பள்ளிக்கு அழைத்து வந்தார். அந்த மகள் இன்று ஆசிரியை. இதோ, இந்த அவையில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.