பசியும் தலையெழுத்தும்

(ஆம்பூர் தோல் ஷாப்புத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



மெலிந்தவனைக் கண்டால் தலையெழுத்து என்கிறார்கள். பருத்தவனைக் கண்டால் பேராசை என்கிறார்கள். காரணம் கேட்டால் பதில் கிடையாது.

பசி வயிற்றில் மாத்திரம் இருப்பதாக நாம் நினைக்கிறோம். அதற்குக் கணக்கு எழுதுகிற இடம் மூளையின் அடியில் இருக்கிறது. பாதாம் பருப்பு அளவுதான். ஹைப்போதலாமஸ் என்று பெயர். வயிறு காலியானால் அங்கிருந்து கிரெலின் என்ற சுரப்பு ரத்தத்தில் கூடி, சோறு கேட்கிறது. இதை ஜப்பானியர் 1999-இல் கண்டார்கள். உடம்பின் கொழுப்பு அனுப்பும் லெப்டின், கையிருப்பு எவ்வளவு என்று சொல்லுகிறது. இது அமெரிக்காவில் பிரீட்மன் கூட்டத்தார் 1994-இல் கண்டது. கொழுப்புக் கரைந்தால் லெப்டின் குறையும். உடனே மூளை பசியைக் கூட்டிச் செலவைச் சுருக்கும், கூலி குறைந்த வாரம் நம் வீட்டுப் பெண்கள் விளக்குத் திரியைத் தாழ்த்துவது போல. பருத்தவர் பலருக்கு லெப்டின் ஏராளமாக இருந்தும் மூளை அதைச் சரியாகக் கேட்பதில்லை. இதில் பேராசை எங்கே வந்தது?

மனவுறுதி இருந்தால் பசியை வெல்லலாமாம்! யுத்தத்தில் ஆயுதமெடுக்க மறுத்த 36 வாலிபர்கள், அமெரிக்காவில் மினசோட்டாவில் 1944-45-இல் தாமாகவே ஒரு சோதனைக்கு வந்தார்கள். 24 வாரம் ஏறக்குறையப் பாதி ஆகாரம். எடையில் கால் பங்கு போயிற்று. பேச்சும் கனவும் சோறாகவே ஆயிற்று, தட்டை நக்கினார்கள். கட்டு நீங்கியதும் அளவின்றித் தின்றார்கள். இவர்களுக்கா உறுதியில்லை?

அப்படியிருக்க, ஏகாதசியன்று பட்டினி கிடந்து மறுநாள் பாரணையில் இரட்டிப்பாகச் சாப்பிடுகிறவர் புண்ணியவான். விடியற்காலையில் கஞ்சிகூட இல்லாமல் சுண்ணாம்புக் குழியில் இறங்கி, பகலில் இன்னொரு தட்டுச் சோறு கேட்கிறவன் தீனிப்பண்டாரமா என்று கேட்கிறோம்.

நம் பக்கத்துச் சங்கதி ஒன்று. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த பிள்ளைகளை எடைபோட்டு, அவர்கள் பெரியவர்களான பிறகும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். சிறுவயதில் மெலிந்திருந்து பின்னால் வேகமாக எடை கூடியவர்களிடம் நீரிழிவுக் கோளாறு அதிகமாயிருந்தது. ஆகவே பிள்ளையின் நெற்றியைப் பார்க்கிறவர்கள், அதைச் சுமந்தவளின் சோற்றுப் பானையை எட்டிப் பார்க்கட்டும்.

அரசாங்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டி 2022-இல் தொடங்கிற்று. ஷாப்புக்கு வரும் கர்ப்பிணிகளுக்கும் காலை ஆகாரம் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். கையெழுத்துப் போடுகிறவர்கள் மேடைக்கு இடப்பக்கம் வரலாம்.