கொழுப்பின் உருவும் சவ்வின் வளைவும்



2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில், உயர்தர வகுப்பு மாணவருக்குப் பைசர் தடுப்பூசி ஏற்றப்பட்ட வேளையில், வெள்ளவத்தையிலிருந்து தாயொருவர் மகனுடன் என் அலுவலகத்துக்கு வந்தார். "ஐயா, இந்த ஊசியில் கொழுப்புச் சேர்ந்திருக்கிறதாமே, எதற்காக?" என்று வினவினார். நானோ வரலாறு கற்பித்த கலைப் பட்டதாரி. "தெரியாது, அம்மா" என்றேன். மகனை அழைத்துக்கொண்டு அவர் திரும்பிவிட்டார். அதன்பின் எங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் மாணவனாக அமர்ந்து கற்றதை இன்று சொல்ல விழைகின்றேன்.

கொட்டாஞ்சேனைப் புனித லூசியா பேராலயத்தின் குவிமாடத்தைக் கண்டிருப்பீர்கள். ஒத்த அகலமுள்ள கற்களை அடுக்கினால் சுவர் நேராக எழும். ஒருமுனை அகன்று மறுமுனை ஒடுங்கிய கற்களை அடுக்கினாலோ வரிசை தானே வளையும். நம் உயிர்க்கலங்களின் மென்சவ்விலும் இதே நியதிதான் உண்டு.

மென்சவ்வு என்பது இலிப்பிட்டு என்னும் கொழுப்பு மூலக்கூறுகளின் இரட்டைப் படை. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஏறக்குறைய ஐந்து பங்கு. நீரை விரும்பும் தலைகள் இரு புறத்தும் நிற்க, நீரை வெறுக்கும் வால்கள் நடுவே ஒளிந்திருக்கும். 1976இல் இஸ்ரேலாச்விலி, மிட்செல், நின்ஹாம் ஆகிய மூவர் இதற்கோர் எளிய கணக்கை வகுத்தனர். தலையின் பரப்பை வாலின் நீளத்தாற் பெருக்கி, வந்த தொகையால் வாலின் கனவளவை வகுக்க வேண்டும். விடை ஒன்றை அண்மினால் மூலக்கூறு உருளை போன்றது. படை தட்டையாய் அமையும். முட்டை மஞ்சட்கருவின் லெசிதின் இத்தகையது. விடை மூன்றிலொன்றுக்குக் குறைந்தால், சவர்க்காரம் போலத் தலை பெருத்து, சிறு உருண்டையாய்த் திரளும். ஒன்றை மிஞ்சினால் தலை சிறுத்து வால் விரிந்து, படை எதிர்ப்புறமாக வளையும்.

இனி அத்தாயின் வினாவுக்கு வருவோம். தடுப்பூசியின் செய்தியைத் தாங்கும் ஆர்.என்.ஏ. இழை எளிதிற் சிதைவது. அதனைக் கொழுப்புத் துணிக்கை பொதிந்து காக்கின்றது. கலம் அத்துணிக்கையை ஒரு சிறு பைக்குள் விழுங்குகின்றது. பையினுள் அமிலம் மிகும்போது, துணிக்கையின் ஓரினக் கொழுப்பு நேரேற்றம் பெற்று, பையின் சவ்விலுள்ள எதிரேற்றக் கொழுப்புடன் இணைகின்றது. இணைந்த சோடிக்குத் தலை சிறிது, வால் அகலம். தட்டையான படை அந்த உருவத்தைத் தாங்காது குலைய, வழி திறக்கின்றது. இழையில் ஒரு சிறு பங்கு வெளியேறித் தன் பணியைத் தொடங்குகின்றது. விஞ்ஞானிகள் தரும் விளக்கம் இதுவே.

ஆகவே, அக்கொழுப்பு காவலும் திறவுகோலுமாக நிற்கின்றது. அச்சத்தோடு வந்தவருக்கு அன்று நான் கொடுக்கத் தவறிய விடை இது. அவர் இவ்வுரையைக் கேட்பாராயின், காலந்தாழ்த்தியதற்கு என்னைப் பொறுத்தருள்வாராக.