மருந்தா, நஞ்சா? களைக்கொல்லியும் ஒரு புல்லின் தற்காப்பும்



தேக்கா சந்தையிலும் சிராங்கூன் சாலைக் கடைகளிலும் நாம் கேழ்வரகு மாவு வாங்குகிறோம். அக்கேழ்வரகின் மூதாதைகளுள் ஒன்றெனக் கருதப்படும் புல், நம் அடுக்குமாடி வீடுகளின் நடைபாதை ஓரங்களில் கேட்பாரின்றி முளைத்திருக்கிறது. அறிவியலார் அதனை எலூசின் இண்டிகா என்பர். மலேசியத் தோட்டங்களில் அப்புல் களைக்கொல்லியை எதிர்த்து நின்ற வரலாறே இன்றைய உரையின் பொருள்.

பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 1962ஆம் ஆண்டளவில் விற்பனைக்கு வந்தது. இலையின் பசுங்கணிகத்தில் ஒளியின் ஆற்றலால் எலெக்ட்ரான்கள் ஓர் ஒழுங்கில் நகர்கின்றன. பாராகுவாட் இடையே புகுந்து அவற்றைக் கவர்ந்து ஆக்சிஜனிடம் சேர்த்துவிடுகிறது. தான் பழைய நிலைக்குத் திரும்பி மீண்டும் கவர்கிறது. ஆதலால் சிறிதளவு நஞ்சே பெருங்கேடு விளைவிக்கும். எலெக்ட்ரானைப் பெற்ற ஆக்சிஜன் சூப்பராக்சைடாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் மாறிச் செல்லின் சவ்வுகளைச் சிதைக்கிறது. இதனையே ஆக்சிஜனேற்ற நெருக்கடி என்கிறோம். இதைத் தணிக்கும் நொதிகளும் வைட்டமின் சியும் எல்லாத் தாவரங்களிலும் உண்டு. வரவு அவற்றின் ஆற்றலை மிஞ்சும்போதுதான் இலை கருகுகிறது.

பாராகுவாட் வேருக்குப் பெரிதும் இறங்குவதில்லை. எனவே பல்லாண்டுப் புற்கள் மீண்டும் துளிர்க்கின்றன. கிளைபோசேட்டோ இலைவழி நுழைந்து வேர்நுனிவரை செல்கிறது. சில அமினோ அமிலங்களை ஆக்குவதற்கு வேண்டிய நொதியை அது முடக்குகிறது. வேரின் வளர்ச்சி தடைப்படுகிறது. ஒளியே காணாத வேரிலும் அந்நெருக்கடி தோன்றக்கூடும்.

பாராகுவாட்டைத் தாங்கும் எலூசின் புல் மலேசியாவில் 1990இல் அறியப்பட்டது. கிளைபோசேட்டைத் தாங்கும் புல் 1997இல் தெலுக் இந்தானில் கண்டறியப்பட்டது. அதன் நொதியில் 106ஆம் இடத்திலிருந்த புரோலின் மாறிச் செரின் அமர்ந்திருந்தது. நஞ்சு வேரை எட்டினும் நொதியின் பணி நிற்கவில்லை. மடியும் புல்லையும் தாங்கும் புல்லையும் பிரித்தது ஒரே ஓர் அமினோ அமிலம்.

மனிதனுக்கு அத்தகைய காப்பு இல்லை. நுரையீரல் செல்கள் பாராகுவாட்டைத் தாமே உள்ளிழுத்துக்கொள்கின்றன. இலையில் நிகழ்ந்த அதே சிதைவு அங்கும் நிகழ்கிறது. அதற்கு மாற்று மருந்து இல்லை. தோட்டங்களில் அதனைத் தெளித்தவர்களுள் தமிழ்ப் பெண்கள் பலர். மலேசியா 2002இல் தடையை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, 2020 சனவரி 1 முதல் முழுமையாகத் தடை செய்தது.

இங்கே மொழியும் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. அவ்வேலையை நம்மவர் ‘மருந்து அடித்தல்’ என்றனர். பயிரின் நோக்கில் அச்சொல் பொருந்தலாம். தெளிப்பவரின் நோக்கில் அது ஆபத்தை மறைக்கிறது. மருந்தென்று கேட்ட காதுக்குக் கையுறையும் முகக்கவசமும் ஏன் என்று தோன்றுவது இயல்பே. ‘களைக்கொல்லி’ என்னும் சொல்லோ கொல்லும் தன்மையைத் தன்னகத்தே தாங்கி நிற்கிறது.

ஆசிரியர்களே, கலைச்சொல்லைக் கற்பிக்கையில் அதன் எழுத்தோடு அதன் எச்சரிக்கையையும் கற்பியுங்கள். மாணவர்களே, நடைபாதைப் புல்லைக் காணும்போது அதன் வேரையும், அதன்மேல் நஞ்சு தெளித்த கைகளையும் நினையுங்கள்.