அவர்கள் படித்துப் பார்த்தார்கள்



ஆசியச் சண்டைப் படங்கள், திகில் படங்கள், துப்பறியும் படங்கள். இவற்றில் எதைப் பார்க்கலாம் என்பதுதான் இன்றைய பேச்சு. பட்டியல் வரும், பொறுங்கள். அதற்கு முன் ஜப்பானுக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

1998ஆம் ஆண்டு. டோக்கியோ நகரத்து ஷிபுயா. அங்கே ஒரு தியேட்டர் திரையில் குதிரை வண்டி ஓட்டிக்கொண்டு ஒரு மனிதர் வந்தார். அவர் பெயரைச் சொல்ல வேண்டுமா? வேண்டாம். கை தட்டி முடியுங்கள், காத்திருக்கலாம். 'முத்து' அந்த ஊரில் மாதக்கணக்கில் ஓடியது. 2006இல் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் ஜப்பானிய நாடாளுமன்றத்தில் பேசியபோதுகூட அந்தப் படத்தைக் குறிப்பிட்டார். நாடாளுமன்றத்தில், ஐயா! அந்த ஜப்பானிய ரசிகர்களுக்குத் தமிழ் தெரியுமா? ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. திரையில் ஓடிய ஜப்பானிய எழுத்தைப் படித்துப் படித்துத்தான் சிரித்தார்கள், கைதட்டினார்கள். அந்த மனிதருக்காக அவர்கள் படித்துப் பார்த்தார்கள்.

நம் வீட்டில் என்ன நடக்கிறது? மகன் ஒரு கொரியப் படத்தைப் போட்டால் அப்பா எழுந்து போய்விடுகிறார். "கீழே எழுத்து ஓடுது, அதைப் படிப்பேனா படத்தைப் பார்ப்பேனா? தமிழ்ல டப் பண்ணி வந்தா சொல்லு." நம் சிங்கப்பூரில் இந்தப் பேச்சைக் கேட்கும்போதுதான் மனம் பொறுக்கவில்லை. நான்கு மொழிகளில் அறிவிப்புப் பலகை வைத்திருக்கும் ஊர் இது. நம் படம் திரைக்கு வந்தால் பக்கத்து இருக்கைச் சீன நண்பர் ஆங்கில எழுத்தைப் படித்துக்கொண்டே அந்த மனிதரின் நடையை ரசிக்கிறார். அந்த நண்பருடைய மொழிப் படத்தை நாம் பார்க்கும் முறை வரும்போது மட்டும் கண் வலிக்கிறதா?

அதுவும் சிங்கப்பூர் வெறுமனே படம் பார்த்த ஊர் அல்ல, படம் எடுத்த ஊர். பாலஸ்டியர் சாலைக்குப் பக்கத்தில் ஜாலான் அம்பாஸ் என்று ஒரு சின்னத் தெரு இருக்கிறது. அங்கேதான் ஷா சகோதரர்களின் மலாய்ப் பட ஸ்டூடியோ 1947 முதல் 1967 வரை இயங்கியது. அந்த ஸ்டூடியோவில் 'ஆக்‌ஷன்' சொன்னவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் தெரியுமா? மலாய் நடிகர் பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த படம் 1950இல் வந்த 'பக்தி'. அதன் இயக்குநர் எல். கிருஷ்ணன்.

இன்னொருவர் பி. என். ராவ். 'ரம்பையின் காதல்', 'சாலிவாகனன்' என்று தமிழில் படம் எடுத்தவர். 1945இல் வந்த அந்த 'சாலிவாகன'னில் எம்ஜிஆரும் நடித்திருக்கிறார். அதே ராவ் கடல் கடந்து இங்கே வந்து, 1957இல் கேத்தே கெரிஸ் நிறுவனத்துக்காக 'பொந்தியானாக்' எடுத்தார். மரியா மெனாடோ பேயாக வந்து மலாயாவையே நடுங்க வைத்தார். அதே ஆண்டில் இரண்டாம் பாகம், அடுத்த ஆண்டில் மூன்றாம் பாகம். தென்கிழக்காசியப் பேய்ப் படங்களைப் பற்றி இன்று உலகமே பேசுகிறது. அந்த வரிசையின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பட இயக்குநர் நிற்கிறார்.

வேதனை என்னவென்றால் முதல் இரண்டு படங்களும் இன்று இல்லை. ஸ்டூடியோ பங்காளி ஒருவர் படச்சுருள்களைத் தண்ணீரில் வீசிவிட்டதாகச் சொல்வார்கள். மூன்றாவது படமான 'சும்பா பொந்தியானாக்' மட்டும் தப்பியது. நம் மனிதர் எடுத்த படம், நம் ஊரில் எடுத்த படம். பட்டியலில் முதல் பெயராக அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பெயர், 1973இல் இதே சிங்கப்பூரில் எடுத்த 'ரிங் ஆஃப் ஃபியூரி'. புரூஸ் லீ மறைந்த ஆண்டு அது. கராத்தே ஆசான் பீட்டர் சோங் அதில் நூடல்ஸ் விற்பவராக வருகிறார். மாமூல் கேட்டு வரும் குண்டர்கள் குடும்பத்தைச் சீரழிக்கிறார்கள். அவர் கலை கற்றுத் திரும்பி வந்து கணக்குத் தீர்க்கிறார். இந்தக் கதையை நம் மதுரையில் வைத்துப் பாருங்கள், அப்படியே பொருந்தும். ரகசியக் கும்பல்களை அரசாங்கம் ஒடுக்கிக்கொண்டிருந்த காலம் என்பதால் படம் தடை செய்யப்பட்டது. பல ஆண்டுகள் இருட்டில் கிடந்ததை ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் மீட்டுப் புதுப்பித்தது. அந்தக் காலத்துச் சிங்கப்பூர்த் தெருக்களைப் பார்க்கவாவது அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

இங்கே சிலரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். பெயர் வேண்டாம், அவர்களுக்கே தெரியும். 'உலக சினிமா' என்று பலகை மாட்டிக்கொண்டு, சண்டைப் படம் என்றாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் கூட்டம் ஒன்று இருக்கிறது. கதாநாயகன் பத்து நிமிடம் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றால் அது கலையாம், பத்துப் பேரை அடித்தால் அது குப்பையாம்! குரோசாவா 1954இல் எடுத்த 'செவன் சாமுராய்' என்ன படம்? 207 நிமிடம் ஓடும் சண்டைப் படம். ஊரைக் கொள்ளையடிக்க வருகிறவர்களை ஏழு வீரர்கள் தடுக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. அவருடைய 'ரஷோமோ'னின் தாக்கத்தில்தான் நம் எஸ். பாலசந்தர் அதே 1954இல் 'அந்த நாள்' எடுத்தார். பாட்டே இல்லாத தமிழ்ப் படம், சிவாஜி கணேசன் நடித்த கொலை மர்மப் படம். ஜப்பானியப் படத்தை எழுபது ஆண்டுகளுக்கு முன்னாலேயே படித்துப் பார்த்த தமிழர் அவர். இந்தக் கூட்டத்திடம் அதைச் சொன்னால் காதில் விழாது.

2004இல் கான் திரைப்பட விழாவின் இரண்டாவது பெரிய விருதை வாங்கிய படம் எது? பார்க் சான் வுக் எடுத்த கொரியப் படம் 'ஓல்டுபாய்'. பழிவாங்கும் கதை. அதில் ஒரு நடைவழிச் சண்டை வரும். சோய் மின் சிக் கையில் ஒரு சுத்தியல். எதிரே நடைவழி நிறைய ஆட்கள். கேமரா பக்கவாட்டில் நகர்கிறது, வெட்டே இல்லை, ஒரே ஷாட். முதுகில் கத்தி குத்தி நிற்கிறது, அதோடு சண்டை தொடர்கிறது. மூன்று நாள், 17 முறை எடுத்த ஷாட் அது. பாருங்கள், அந்த மனிதன் களைத்துப் போகிறான். சுவரில் சாய்கிறான், மூச்சு வாங்குகிறான், திரும்ப எழுகிறான். அடிப்பவனுக்கும் வலிக்கும் என்று காட்டிய சண்டை. இதைக் கலை இல்லை என்று சொல்கிறவர்கள் அந்த நடைவழியில் ஒரு நிமிடம் நின்று பார்க்கட்டும்! ஒன்று மட்டும் கவனம், 18 வயது நிரம்பாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் போடாதீர்கள்.

சரி, அவர்களை விடுவோம். குதிரை வண்டி ஓட்டி வந்த நம் மனிதரிடம் திரும்புவோம். 1978இல் 'ப்ரியா'. சுஜாதா எழுதிய கதை. வக்கீல் கணேஷாக அவர் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். மறு ஆண்டு 'நினைத்தாலே இனிக்கும்', மீண்டும் இதே ஊர். 2016இல் 'கபாலி', பக்கத்து வீடான மலேசியாவில். அந்தப் படத்தை மலாய் மொழியிலும் டப் செய்து மலேசியாவில் திரையிட்டார்கள்.

'கபாலி'யில் அவருக்கு எதிரே டோனி லீயாக நின்றாரே, கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, அவர் யார்? வில்லன் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அவர் தைவான் நடிகர் வின்ஸ்டன் சாவ். ஆங் லீ 1993இல் எடுத்த 'தி வெட்டிங் பேங்க்வெட்' படத்தின் நாயகன். ஜாக்கி சானோடு '1911' படத்தில் சன் யாட் சென்னாக வாழ்ந்தவர்.

'ஏழாம் அறிவு' படத்தில் சூர்யாவுக்கு எதிரே ஒருவர் கண்ணாலேயே ஊரை ஆட்டி வைத்தாரே? ஜானி ட்ரி நுயென், வியட்நாமிய அமெரிக்கர். 2007இல் அவருடைய அண்ணன் சார்லி நுயென் இயக்கிய 'தி ரெபெல்' என்ற வியட்நாமியப் படத்தில் அவர்தான் கதாநாயகன். பிரெஞ்சுக்காரர் ஆட்சியை எதிர்த்து நடக்கும் கதை. அதில் அவரோடு சண்டை போட்ட வெரோனிகா ங்கோ 2019இல் 'ஃபியூரி' என்ற படத்தில் தனியாளாக நின்றார். கடத்தப்பட்ட மகளைத் தேடி ஒரு தாய் கிராமத்திலிருந்து சைகோன் வரை துரத்திப் போகிறாள். தாய்மார்களே, அந்தப் படத்தைத் தவறவிடாதீர்கள். நம் திரையில் அடிவாங்கிப் போனவர்கள் அவரவர் ஊரில் எப்பேர்ப்பட்டவர்கள் என்று ஒரு முறையாவது பார்க்க வேண்டாமா?

தாய்லாந்துக்கு வருவோம். 'ஓங் பாக்', 2003. ஒரு கிராமத்துப் புத்தர் சிலையின் தலையைத் திருடிக்கொண்டு போய்விடுகிறார்கள். மீட்டு வர ஒரு பையன் பாங்காக் போகிறான். கதை இவ்வளவுதான். ஆனால் தமிழன் இந்தக் கதையைச் சாதாரணமாகப் பார்க்க முடியுமா? அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசரைத் திருடி விற்றார்கள். 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் விலை போய் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் காட்சிக்கு நின்றார். 2014இல்தான் இந்தியாவுக்குத் திரும்பினார். சாமி இல்லாத சன்னதியைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தாய்லாந்துக் கிராமத்தின் அழுகை புரியும். டோனி ஜாவின் முழங்காலும் முழங்கையும் அந்தப் படத்தில் கோபமாகவே இறங்குகின்றன. கம்பி கட்டிப் பறக்கவில்லை, கணினியில் வரையவில்லை. முள்கம்பி வளையத்துக்குள் பாய்ந்து மறுபக்கம் வருகிறார். கால்சட்டையில் தீப்பற்றி எரிய எரிய உதைக்கிறார். அவரை உருவாக்கிய சண்டைப் பயிற்சியாளர் பன்னா ரித்திக்ராய் 2014இல் காலமானார். அவருக்கும் ஒரு கைதட்டல் கொடுங்கள். தாராளமாகக் கொடுங்கள்.

இந்தோனேசியாவின் 'தி ரெய்ட்', 2011. ஓர் அடுக்குமாடிக் கட்டடம், உள்ளே போதைப்பொருள் தலைவன், மாடி மாடியாக ஏறும் போலீஸ் படை. சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த ஒவ்வொருவருக்கும் அந்த நடைவழியும் படிக்கட்டும் தெரிந்தவை. அதனால்தான் இங்கே அது இன்னும் கூடுதலாக நடுங்க வைக்கிறது. நாயகன் ஈக்கோ உவைஸ் தொலைபேசி நிறுவனத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர், சிலாட் தற்காப்புக் கலை கற்றவர். அதே படத்தில் யாயான் ருஹியான் என்ற சிறிய உருவக்காரர், கையில் துப்பாக்கி இருந்தும் அதை ஒதுக்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு எதிரியை அழைக்கிறார். அந்த ஓர் இடத்துக்காகவே படத்தைப் பார்க்கலாம். சிலம்பம் சுற்றும் தம்பிகள் இங்கே இருந்தால் அவர் கால் வைக்கும் முறையைக் கவனியுங்கள்.

அடி உதை போதும், துப்பறியும் படம் கேட்கிறீர்களா? போங் ஜூன் ஹோவின் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்', 2003. 'பாரசைட்' படத்துக்கு நான்கு ஆஸ்கர் வாங்கிய அதே போங். கொரியாவின் ஹ்வாசோங் பகுதியில் 1986 முதல் 1991 வரை நடந்த தொடர் கொலைகள் பற்றிய படம். படம் எடுத்தபோது கொலையாளி யாரென்று தெரியாது. கடைசிக் காட்சியில் துப்பறிவாளர் திரும்பி நேராகக் கேமராவைப் பார்க்கிறார். கொலைகாரன் தியேட்டரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான், அவன் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று இயக்குநர் வைத்த காட்சி அது. 2019இல் மரபணுச் சோதனை மூலம் ஆள் தெரிந்தது. வேறொரு கொலைக்காக 1994 முதலே சிறையில் இருந்தவன். இப்போது அந்தக் கடைசிப் பார்வையைப் போய்ப் பாருங்கள், உள்ளுக்குள் என்னவோ செய்யும்.

இங்கே பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறீர்கள். தேர்வுக் காலத்தில் வீட்டில் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கென்றே ஒரு தாய்லாந்துப் படம் இருக்கிறது, 2017இல் வந்த 'பேட் ஜீனியஸ்'. துப்பாக்கி இல்லை. கெட்டிக்கார மாணவி ஒருத்தி விடைகளைப் பியானோ வாசிக்கும் விரலசைவாக மாற்றிப் பணக்காரப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறாள். மேசைமேல் நான்கு விரல்கள் தட்டுகின்றன, கடிகார முள் நகர்கிறது. வெடிகுண்டுப் படங்களில் இல்லாத படபடப்பு அந்தத் தேர்வறையில் இருக்கிறது. நேரம் முன்பின்னாக இருப்பதைப் பயன்படுத்தி சிட்னியில் தேர்வெழுதி பாங்காக்குக்கு விடை அனுப்பும் பகுதியில் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவீர்கள். பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். பார்த்து முடித்ததும் அவர்கள் பேசுவார்கள், கேளுங்கள்.

எங்கே பார்ப்பது என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. இப்படிப்பட்ட படங்களைத் தேடித் தேடித் திரையிட்ட தி புரொஜெக்டர் 2014இல் தொடங்கி 2025 ஆகஸ்டில் மூடிவிட்டது. அது மூடிய பிறகு வருந்திப் பதிவு போட்டவர்கள் ஆளுக்கொரு டிக்கெட் வாங்கியிருக்கலாமே என்ற ஆதங்கம் தீரவில்லை. ஆனால் கேனிங் ரைஸில் தேசிய ஆவணக் காப்பகக் கட்டடத்தில் ஓல்டாம் தியேட்டர் இருக்கிறது. ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அங்கே படம் காட்டுகிறது. தேக்காவுக்குக் காய்கறி வாங்க டௌன்டவுன் பாதையில் நம் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ஏறினால் ரயில் மாறாமல் லிட்டில் இந்தியாவில் இறங்குகிறோம் அல்லவா? அதே ரயிலில் தொடர்ந்து போனால் அந்தத் தியேட்டர் பக்கம் இறங்கி நடந்துவிடலாம். வீட்டிலிருந்தே பார்க்கிறவர்கள் காசு கட்டும் தளங்களில் தேடுங்கள், திருட்டுப் பிரதி வேண்டாம்.

முதல் படமாக எதைப் போடுவது என்றால், 'பேட் ஜீனியஸ்' போடுங்கள். எழுத்தைப் படிக்க மாட்டேன் என்று எழுந்து போகிற அப்பாவை அன்று மட்டும் பிடித்து உட்கார வையுங்கள். அடுத்த வாரம் 'ஃபியூரி', அதற்கடுத்த வாரம் 'ஓங் பாக்'. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது யார் எதைப் பார்த்தீர்கள் என்று கைதூக்கச் சொல்லிக் கேட்கப்படும்.