அட்டையை எங்கே விடுவது?

(பட்டிமன்றத் தலைப்பு: தள்ளுபடி அட்டை வாங்கி வீட்டு பில் கட்டுவது சிக்கனமா, சிக்கலா? ‘சிக்கனமே’ என்ற அணியின் இரண்டாவது பேச்சு.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, என் அணித் தலைவர் அவர்களே, இவ்வளவு நேரம் மேஜையைத் தட்டித் தட்டிப் பேசிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி அண்ணன் அவர்களே, அரங்கத்திலும் வீட்டில் டி.வி. முன்னாலும் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

அண்ணன் என்ன சொன்னார்? “அட்டைன்னா என்னங்க? ரத்தம் உறிஞ்சுறது. தமிழன் தெரிஞ்சுதான் இதுக்கும் அட்டைன்னு பேர் வச்சான்” என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன் ஐயா, நல்லாத்தானே இருந்தது! ஆனால் சித்த வைத்தியத்தில் அட்டை விடுதல் என்று ஒரு சிகிச்சையே இருக்கிறது என்பதை அண்ணன் மறந்துவிட்டார். கெட்ட ரத்தம் கட்டின இடத்தில் அட்டையைக் கடிக்க விடுவார்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். அதே அட்டைதான். எங்கே விடணும், எப்ப எடுக்கணும்னு வைத்தியருக்குத் தெரியணும், அவ்வளவுதான். (கைதட்டல்)

முன்வரிசையில் ஒரு பெரியம்மா ‘இதுங்க எந்த அட்டையைப் பத்திப் பேசுதுங்க’ என்று முழிக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்லி விடுகிறேன். பெரியம்மா, நீங்க ஆவின் பால் அட்டை வாங்கியிருக்கீங்களா? மாசத்துக்கு முன்பணம் கட்டி அட்டை வாங்கினால் பாக்கெட்டுக்கு ஒரு விலை, தினம் காசு கொடுத்து வாங்கினால் கொஞ்சம் கூடின விலை. இதுவும் அந்த மாதிரிதான். கடைக்காரர் ‘ஆயிரம் ரூபா அட்டையை 960-க்கு எடுத்துக்கோங்க’ என்கிறார். அட்டை என்றால் இப்போது கையில் பிடிக்கிற அட்டை கூட இல்லை. போனுக்கு ஒரு நம்பர் வரும். அமேசான் மாதிரி பெரிய இணையக் கடையாக இருந்தால், அந்த நம்பரை அவர்கள் கணக்கில் ஏற்றிவிட்டு, அதிலிருந்தே கரண்ட் பில், கேஸ், போன் ரீசார்ஜ் எல்லாம் கட்டலாம்.

‘ஏன் தள்ளுபடி தர்றான்? அவன் என்ன நமக்கு மாமனா, மச்சானா?’ என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. நம்ம பணம் முன்கூட்டியே அவன் கைக்கு வந்துவிடுகிறது. நாம் வேறு கடைக்குப் போக முடியாது. கடைசியில் அட்டையில் 37 ரூபாய் மிச்சம் நிற்கும், அதை நாம் மறந்துவிடுவோம், அதுவும் அவனுக்கு. எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம், 2,000 ரூபாய் அட்டையோடு உள்ளே போனவர் 2,000 ரூபாயோடு திரும்பி வருவதில்லை.

எங்கள் வீட்டுக்காரரே சாட்சி. ஒரு தீபாவளிக்கு, ஒரு ஜவுளிக் கடை அட்டையை நூற்றுக்குப் பத்து ரூபாய் தள்ளுபடியில் வாங்கி வந்தார். 5,000 ரூபாய் அட்டை, 4,500-க்கு. “ஐந்நூறு ரூபா லாபம் பார்த்தியா?” என்று காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார். கடைக்குப் போனோம். அட்டை இருக்கிற தைரியத்தில் ஒரு சட்டை கூட, ஒரு சேலை கூட, பையனுக்கு இன்னொரு பேன்ட். பில் 8,600! ஐந்நூறு ரூபாய் லாபம் பார்க்கப் போய், அட்டைக்கு மேலே 3,600 ரூபாய் கையிலிருந்து கொடுத்துவிட்டு வந்தோம். (சிரிப்பு)

எதிரணி நண்பர்கள் குதிக்கிறார்கள். இருங்க, முழுசாக் கேளுங்க. அட்டை தப்பான இடத்தில் கடித்த கதை இது. அதே அட்டையைக் கரண்ட் பில்லில் விட்டுப் பாருங்கள். ஈ.பி.யில் யாராவது, “மேடம், நூறு யூனிட் எடுத்தா அம்பது யூனிட் பாதி விலை” என்று கூப்பிடுகிறார்களா? மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “இந்த யூனிட் உங்க கலருக்கு எடுப்பா இருக்கும்” என்று சொல்ல ஒரு சேல்ஸ்மேன் உண்டா? (பலத்த சிரிப்பு, கைதட்டல்) பில் 2,940 என்றால் 2,940தான். மிச்சம் 60 ரூபாய் அட்டையில் நின்றால் அடுத்த ரீசார்ஜுக்கு ஆச்சு. தள்ளுபடி கொடுத்தவன் எதை எதிர்பார்த்துக் கொடுத்தானோ, அந்த மறதியும் ஆசையும் இங்கே செல்லாது.

அண்ணன் இன்னொன்று சொன்னார். கடன் அட்டையில் இந்த அட்டையை வாங்கி, பாயிண்ட் சேர்க்கிறேன் என்று மூழ்கிப் போகிறார்கள் என்றார். ஐயா, அதை நான் மறுக்கவே மாட்டேன். கடன் அட்டையில் முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டாவிட்டால் மாசம் நூற்றுக்கு மூன்று, மூன்றரை ரூபாய் வட்டி. நான் பெறுகிற தள்ளுபடி நாலு ரூபாய். ஐந்து வாரத்தில் தள்ளுபடி அம்பேல், ஆறாவது வாரத்தில் என் பணமும் அம்பேல். கையில் காசு இருக்கிறவர்தான் இதைச் செய்யலாம். இல்லாதவர் நேரே போய் பில்லைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

ஏமாந்த கதையும் என்னிடம் ஒன்று இருக்கிறது. இதை வேறு மேடையில் சொன்னதில்லை.

நாலு ரூபாய் தள்ளுபடி ருசி கண்ட பிறகு, ‘ஏன் நாலு? பதினைந்து கிடைக்காதா?’ என்று எனக்கு ஆசை வந்தது. போனில் ஒரு குரூப். முகம் தெரியாத ஒருவர், 2,000 ரூபாய் அட்டை நம்பரை 1,700-க்குத் தருகிறேன் என்றார். அனுப்பினேன். நம்பர் வந்தது. ஏற்றினால், ‘இது ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்கிறது. மறுபடி கூப்பிட்டால் ஆள் இல்லை, குரூப்பும் இல்லை. அந்த 1,700 என்ன பணம் தெரியுமா, ஐயா? எங்கள் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, சர்க்கரை மாத்திரை வாங்க எடுத்து வைத்திருந்த பணம். பில்லைக் கட்டிவிட்டு, மிச்சம் பிடித்ததையும் சேர்த்து மாத்திரை வாங்கிவிடலாம் என்று மனக்கணக்குப் போட்டிருந்தேன்.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. மூன்று நாள் சொல்லவில்லை. நாலாம் நாள் அத்தையே, “மாத்திரை தீந்துபோச்சும்மா, நேத்தே தீந்துபோச்சு” என்றார். நான் அடுப்படியில் நின்று அழுதேன். அவர் என்ன ஏது என்று கேட்டார், எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. தன் சுருக்குப் பையை எடுத்து, “கடைக்காரன் குறைச்சுக் குடுத்தா வாங்கு. கண்ணுக்குத் தெரியாதவன் குறைச்சுக் குடுத்தா அது அவன் பொருளான்னு கேளு” என்றார். நாலாம் வகுப்பு படித்தவர், ஐயா! (கைதட்டல்) மாத்திரை அன்றைக்கே வாங்கினோம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சட்டம் போட்டது அவர்தான். அட்டையைக் கடையிடமோ, வங்கியிடமோ நேராகத்தான் வாங்க வேண்டும். பில் வந்த பிறகுதான் வாங்க வேண்டும். நம் ஊரில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கெடுப்பு, எடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம் இருக்கிறது. தொகையைப் பார்த்து, அந்த அளவுக்கு வாங்கி, அன்றைக்கே கட்டிவிட வேண்டும். பரணில் மிளகாய் வற்றல் சேர்க்கிற மாதிரி அட்டையைச் சேர்க்கக் கூடாது. ஏன் தெரியுமா? 2021-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிகளில் பரிசு அட்டைக்கு 10,000 ரூபாய் உச்சவரம்பு, குறைந்தது ஒரு வருஷமாவது செல்ல வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. அதே விதியில், அதை ரொக்கமாக மாற்றிக்கொள்ள முடியாது என்றும் இருக்கிறது. கடை தன் சரக்குக்கு மட்டும் தானே அடித்துக் கொடுக்கிற அட்டையோ, அந்த விதிகளுக்குள்ளேயே வராது. கடை மூடினால் அட்டையை வைத்துக் கோலம்தான் போடலாம். இன்னொன்று, ஒரே கடை ரெண்டு வித அட்டை விற்கும். ஒன்றில் பில் கட்டலாம், இன்னொன்றில் சாமான் மட்டும்தான் வாங்கலாம். பொடி எழுத்தில் இருக்கும். படித்துவிட்டு வாங்குங்கள்.

போனில் யாராவது “ஈ.பி.யிலிருந்து பேசுறோம், ராத்திரிக்குள்ள லைனைக் கட் பண்ணிடுவோம், உடனே அட்டை வாங்கி நம்பரைச் சொல்லுங்க” என்றால், அவன் ஈ.பி. இல்லை. போனை வையுங்கள். 2024-இல் டேன்ஜெட்கோவைப் பிரித்து மின்வாரியத்தின் பெயரையே மாற்றினார்கள். ஆனாலும் அட்டை நம்பர் கேட்டு அவர்கள் யாருக்கும் போன் போடுவதில்லை.

நடுவர் ஐயா மணி மேல் கை வைத்துவிட்டார்கள். கணக்கை மட்டும் சொல்லி விடுகிறேன். கரண்ட், கேஸ், போன், இன்டர்நெட் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு 7,000 ரூபாய் ஆகிறது. நூற்றுக்கு நாலு என்றால் 280. வருஷத்துக்கு 1,680 வர வேண்டும். சில தடவை மூன்று ரூபாய்தான் தருவான், சில தடவை தள்ளுபடியே கிடையாது. ஆக, போன வருஷம் உண்மையில் மிஞ்சியது 1,430. “இதுக்கா இவ்வளவு பேச்சு?” என்று அண்ணன் சிரிக்கிறார். அண்ணே, நீங்க சிரிக்கலாம். உங்க வீட்டுல பில் கட்டுறது அண்ணிதானே? (சிரிப்பு) ஆயிரத்து நானூறு ரூபாயை வேறு எந்த வழியில் மிச்சம் பிடிப்பது என்று அவங்களைக் கேட்டுட்டு வந்து சிரிங்க.

அந்த மிச்சத்தை அத்தை நாள்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்தோம். மேலே கொஞ்சம் போட்டு அவருக்கு ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். மூன்று வருஷமாக, “எதுக்கும்மா இந்த வயசுல” என்று தள்ளிப் போட்ட கண்ணாடி. போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் முதலில் எதைப் படித்தார் தெரியுமா? சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த ஈ.பி. வெள்ளை அட்டையை எடுத்தார். விரலை வைத்துக் கீழே கீழே இறங்கி வந்தார். நிமிர்ந்து கேட்டார்:

“போன தடவையை விட நாப்பது யூனிட் கூட ஓடியிருக்கே. மோட்டாரை அணைக்காமப் போனது யாரு?”

(நீண்ட கைதட்டல்)