அடிக்கட்டையும் மூடாக்கும்



ஒரு மரம் வீழ்ந்தால் அதன் கிளைகள் விறகாகும். நடுமரம் மரக்கடைக்குப் போய்ச் சேரும். தழை ஆட்டுக்கு இரையாகும். எஞ்சி நிற்பது அடிக்கட்டை ஒன்றே. அதனைக் கேட்பாரும் இல்லை, கொள்வாரும் இல்லை. அதை அகற்ற ஆகும் செலவைப் பற்றியும், அகற்றியபின் குவியும் சிராய்களைப் பற்றியும் இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

2016-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையருகே கரை கடந்தது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய மேற்குப் புறநகர்களில் மரம் வீழாத தெருவே இல்லை எனலாம். என் இல்லத்து வாயிலில் எந்தையார் நட்ட வேம்பும் இடுப்பளவில் முறிந்தது. கண்ணுக்குப் பொறாத அந்தக் கட்டையை, எந்திரம் ஒன்றை வாடகைக்கு அமர்த்தித் துருவி எடுக்கச் செய்தேன். குவிந்த சிராயை வண்டியில் ஏற்றி அப்புறப்படுத்த மீண்டும் பணம் கொடுத்தேன். சில நாள் கழித்து அச்சிராய் முழுவதும் ஏரிக்கரையில் கிடக்கக் கண்டேன். அடுத்த தெரு முதியவர் ஒருவர், "வேம்பு வெட்டினாலும் துளிர்க்குமே, மூன்று திங்கள் பொறுத்திருக்கலாகாதா?" என்று வினவினார். விடை கூற இயலாது நின்றேன்.

ஆகவே, முதற்கண் கேட்க வேண்டுவது, கட்டையை அகற்றத்தான் வேண்டுமா என்பது. வேம்பும் புங்கமும் பூவரசும் வேர் பழுதுபடாதிருப்பின் மீண்டும் துளிர்க்கும் இயல்பின. வீட்டுச் சுவரையோ வழியையோ தடுக்காத கட்டையை விட்டுவைப்பதில் செலவு ஏதும் இல்லை. ஆனால் பட்டுப்போன கட்டை சுவரை ஒட்டி நின்றால் கறையான் சேரும். அதனை அகற்றுவதே முறை.

அகற்றுவதெனின் கூலி எதனைப் பொறுத்தது? கட்டையின் குறுக்களவு இரட்டித்தால் அதன் முகப்பரப்பு நான்கு மடங்காகும். வேலையும் ஏறக்குறைய அவ்வாறே பெருகும். மரத்தின் வன்மை, வேர் பரவிய அகலம், எந்திரம் நுழையச் சந்தில் இடம் உண்டா என்பன பிற காரணங்கள். எத்தனை ஆழம் துருவுவது, குழியை மூடுவது யார், சிராய் யாருக்கு என்னும் மூன்றையும் வேலை தொடங்குமுன்பே பேசி முடித்துக்கொள்க. நிலத்தடியில் குழாயோ மின்கம்பியோ உண்டாயின் முன்னரே காட்டிவிடுக.

இனிச் சிராயைப் பார்ப்போம். இரண்டடிக் குறுக்களவுள்ள கட்டையை ஓரடி ஆழம் துருவினால் மூன்று கன அடி மரம் பொடியாகும். அது தளர்ந்து இரு மடங்கானால் ஆறு கன அடி. மூன்று அங்குலக் கனத்தில் பரப்பினால் இருபத்து நான்கு சதுர அடிக்கே போதும். மலைபோல் தோன்றுவது உண்மையில் ஒரு சிறு பாத்திக்குரிய மூடாக்கேயாம்! கோடையில் அது மண்ணின் ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும்.

எனினும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சிராயை மண்ணோடு கலந்து கொத்திவிடலாகாது. அதனை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை ஈர்த்துக்கொள்ளும், செடி வெளுத்துப்போகும். மண்ணின் மேலே பரப்புதலே தக்கது. செடியின் தண்டினின்றும் அரையடியேனும் விலக்கி, வீட்டுச் சுவருக்கும் எட்டவே வைத்தல் வேண்டும். மிஞ்சியதைச் சாணமும் சமையற்கழிவும் சேர்த்துக் குவித்து, ஈரம் காயாது காத்தால் நாளடைவில் எருவாகும். துருவிய குழியில் முழுதும் சிராயையே நிரப்பினால் அது மக்கமக்க நிலம் தாழும். குழியை மண்ணிட்டே மூடுக.

தெருவிலோ வடிகாலிலோ கொட்டுவது பெரும் பிழை. வடகிழக்குப் பருவமழையில் அது மிதந்து சென்று மதகையும் கால்வாயையும் அடைக்கும். 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தைக் கண்ட நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கழிவுகளைப் பொதுவிடத்தில் எறிவதையும் எரிப்பதையும் 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் விலக்கின.

எந்தையார் வைத்த வேம்பு எனக்கு மீண்டும் கிடைக்கப் போவதில்லை. அது நின்ற இடத்தருகே இன்று ஒரு புங்கங்கன்று வளர்கிறது. அதன் அடியில் பரப்பியிருப்பது, அயல்வீட்டார் வேண்டாமென்று ஒதுக்கிய சிராய். மண்ணில் பிறந்ததை மண்ணுக்கே கொடுப்பதற்குச் செலவு மிகக் குறைவு. அதனை வெளியே அனுப்புவதற்கே நாம் விலை கொடுக்கிறோம்.